கரி குடித்த காற்று

போன மாதம் ஆலை விழாவுக்கு என்னைக் கூப்பிட்டுச் சால்வை போட்டீர்கள். சந்தோஷம். சால்வையும் நல்ல சால்வைதான். ஆனால் அன்று மதியம் கரி கழுவும் ஷெட் பக்கம் ஒரு நடை போய்வந்தபோது உங்களில் ஒருவர், பெயர் சொல்ல மாட்டேன், ஆக்சிஜன் மீட்டரைச் சட்டைப்பைக்குள் போட்டு அதன்மேல் கைக்குட்டையைத் திணித்து வைத்திருந்ததைப் பார்த்தேன். ஏன் தம்பி இப்படி என்று கேட்டேன். "சும்மா சும்மா கத்துது மேடம். தலைவலி" என்றார். சால்வை போட்ட அன்றைக்கே சண்டை போடக் கூடாது என்று பேசாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். வந்ததிலிருந்து மனசு சரியில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். திட்டுவதற்காக இல்லை. அந்த மீட்டர் எதற்காகக் கத்துகிறதோ அதை நான் ஒரு மனிதரின் உயிரைப் பணயம் வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். அதை உங்களிடம் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் இங்கே வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது இது இவ்வளவு பெரிய ஆலை இல்லை. வாடிப்பட்டிக்குக் கொஞ்சம் தள்ளி, திண்டுக்கல் ரோட்டிலிருந்து இறங்கும் மண்பாதையில் இரண்டு சூளை, ஒரு கழுவும் ஷெட், ஓர் உலர்த்தி, ஓட்டுக் கூரை போட்ட ஓர் அறை. அந்த அறைக்கு லேப் என்று பெயர். நான் மதுரைச் சிம்மக்கல்லில் பிறந்து வளர்ந்தவள். வேதியியல் பட்டம் வாங்கிய கையோடு வந்து சேர்ந்தேன். ஆபீஸ் உத்தியோகத்தில் இருந்த அப்பாவுக்கு, பெண் கரி ஆலைக்குப் போகிறாள் என்று அக்கம்பக்கத்தில் சொல்லக் கூச்சம். "கெமிக்கல் கம்பெனி" என்று சொல்லி வைத்திருந்தார். நானோ சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கும்போது மூக்கு நுனியும் விரல் இடுக்குகளும் கறுத்துப்போய் வந்து, அவர் சொன்னதைத் தெருவே பார்த்துச் சிரிக்கும்படி செய்துவிடுவேன்.

கரிக்கு நடுவே வேலை பார்க்கும் உங்களுக்கு நான் பாடம் நடத்த வரவில்லை. ஆனால் அன்று எனக்குக் கரியைப் பற்றி என்ன தெரியும் என்பதைச் சொல்லியாக வேண்டும். சோழவந்தான் தோப்புகளிலிருந்து வரும் தேங்காய்ச் சிரட்டையைச் சுட்டுக் கரியாக்கி, அந்தக் கரியை நீராவி விட்டு மறுபடி சூடாக்கினால் அதற்குள் கண்ணுக்குத் தெரியாத துளைகள் திறந்துகொள்ளும். எங்கள் சிம்மக்கல் மாதிரிதான். பெரிய தெருவில் நுழைந்தால் சந்து, சந்துக்குள் போனால் முடுக்கு. வாயு பெரிய துளை வழியாக நுழைந்து, சின்னத் துளைக்குப் போய், அங்கே சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். கெட்ட வாயுவைக் கரி குடித்துவிடும், நல்ல காற்றை விட்டுவிடும். இப்படித்தான் எனக்குள் பதிந்திருந்தது. எந்தப் புத்தகமும் அப்படிச் சொல்லவில்லை. நானாக அப்படி எடுத்துக்கொண்டேன்.

எடுத்துக்கொண்டதோடு நிற்காமல் ஊருக்கும் உபதேசம் செய்தேன். சேர்ந்த மாதமே ஆட்களையெல்லாம் லேப்புக்குக் கூப்பிட்டு ஒரு வேடிக்கை காட்டினேன். ஒரு பாட்டிலில் துளி அமோனியாவை விட்டு முகரச் சொன்னேன். எல்லாரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனார்கள். அதில் இரண்டு கரண்டி கரியைப் போட்டு, மூடிக் குலுக்கி, கொஞ்ச நேரம் வைத்துவிட்டுத் திறந்தேன். நெடி போய்விட்டது. முதலில் முகர்ந்தவர் மாயாண்டி அண்ணன். கழுவும் ஷெட்டில் அவர்தான் மூத்த ஆள். மூத்தவர் என்றாலும் முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது.

"எங்கிட்டுப் போச்சு அந்த நாத்தம்?" என்று பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தார்.

"எங்கயும் போகலண்ணே. கரிக்குள்ளதான் இருக்கு. ஒரு பிடி கரிக்குள்ள இருக்கிற துளையெல்லாம் விரிச்சுப் போட்டா அஞ்சு ஏக்கர் வரும்."

"ஒரு பிடிக்குள்ள அம்புட்டு எடமா?" என்றவர், குனிந்து ஒரு பிடி கரியை அள்ளிக்கொண்டார். "அப்படிண்டா இண்ணைல இருந்து நானும் பண்ணக்காரன்தேன். ஒரு பட்டா எழுதிக் குடுங்க டீச்சரம்மா."

அவர் மனைவியின் தம்பி செல்லப்பாண்டி பக்கத்தில் நின்று விழுந்து விழுந்து சிரித்தான். என்னைவிட ஒரு வயது இளையவன், மச்சானோடு கூடவே வேலைக்கு வந்து கூடவே போவான். அன்றிலிருந்து நான் எல்லாருக்கும் டீச்சரம்மா ஆகிவிட்டேன். அந்தப் பெயர் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பிடித்திருந்ததுதான் வினை.

கழுவி முடித்த கரியை ஈரத்தோடு ஒரு பெரிய இரும்புத் தொட்டியில் போட்டு வைப்போம். இரண்டு ஆள் உயரம். மேலே ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு வட்டமான வாய். அதற்கு நட்டுப் போட்டு முறுக்கும் மூடி. உள்ளே இறங்க இரும்புப் படிகள். வாயைச் சுற்றி நாலைந்து பேர் நிற்கிற மாதிரி ஒரு மேடை. கரி அடியில் இருக்கும் திறப்பு வழியாக உலர்த்திக்குப் போகும்.

அந்தச் சித்திரையில் உலர்த்தி பழுதாகி நின்றுவிட்டது. தொட்டியில் பாதிக்கு ஈரக் கரி. அழகர் ஆற்றில் இறங்கும் நாட்களில் எங்கள் ஆலையில் ஓர் ஆளை நிறுத்தி வைக்க முடியாது. ஆகவே நாலு நாள் லீவு. கிளம்பும்போது நான் மேடையேறிப் போய், மூடியை நன்றாக முறுக்கச் சொன்னேன். திறந்து கிடந்தால் சூளைப் புகையையெல்லாம் குடித்துவிட்டு, வாங்குகிறவரிடம் போகும்போது கரிக்குச் சக்தி இருக்காதே என்று கவலை. நானே சோதித்து அனுப்பவேண்டிய முதல் பெரிய ஆர்டர் அது.

"டீச்சரம்மா கரிக்குப் போர்வ போத்துது பாருடா" என்று சொல்லிக்கொண்டே மாயாண்டி அண்ணன் ஸ்பேனரை எடுத்து ஒவ்வொரு நட்டாக முறுக்கினார். நான் பக்கத்தில் நின்று, இன்னும் ஒரு சுற்று, இன்னும் ஒரு சுற்று என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

லீவு முடிந்து வந்தபோது உலர்த்தி சரியாகிவிட்டிருந்தது. ஆனால் தொட்டியின் அடித் திறப்பைத் திறந்தால் கரி விழவில்லை. நாலு நாளில் இறுகிப் பாளமாகிவிட்டது. அடியை மறுபடி மூடிவிட்டு, யாராவது உள்ளே இறங்கி மேலிருந்து வெட்டிவிட வேண்டும். மாயாண்டி அண்ணன் மண்வெட்டியோடு மேடைக்கு வந்துவிட்டார். மூடியைக் கழற்றினார்கள். செல்லப்பாண்டி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"டீச்சரம்மா, நாலு நாளா மூடிக் கெடந்துச்சு. எங்க ஊர்ல மூடிக் கெடந்த கெணத்துல எறங்கறதுண்டா மொதல்ல வெளக்க எறக்கிப் பாப்போம். அணஞ்சு போச்சுண்டா எறங்க மாட்டோம். ஒரு அரிக்கேன எறக்கிப் பாப்பமா?"

நான் சிரித்தேன். கரி இருக்கும் இடத்தில் தீ கூடாது என்று பலகை எழுதி மாட்டியவளே நான்தான். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், பதில் சொல்ல எனக்கு ஆசையாக இருந்தது. "கெணத்துல கெட்ட காத்து தங்கும் பாண்டி. இங்க இருக்கிறது கரி. கெட்ட காத்து இருந்தாலும் அது குடிச்சிரும். ஊர்லயே சுத்தமான காத்து இந்தத் தொட்டிக்குள்ளதான் இருக்கு" என்றேன்.

சொன்னதோடு விடவில்லை. முறையாகச் சோதிப்பவள் இல்லையா? குனிந்து முகர்ந்தேன். ஒரு வாடையும் இல்லை. விஷ வாயு இருந்தால் கறுக்கும் காகிதத்தை நூலில் கட்டி இறக்கி எடுத்தேன். வெள்ளை வெளேரென்று வந்தது. உள்ளே கெட்டது எதுவும் இல்லை என்று நிரூபித்தாயிற்று. நல்லது உள்ளே இருக்கிறதா என்று பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

"எறங்குங்கண்ணே" என்றேன்.

அந்தச் சொல்லை நான்தான் சொன்னேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அதை வேறு யார் தலையிலும் கட்ட எனக்கு வழி கிடைக்கவில்லை.

அவர் இறங்கினார். மூன்று வெட்டு விழுந்த சத்தம் கேட்டது. அதற்கப்புறம் சத்தம் இல்லை. கொஞ்சம் நின்று மூச்சு வாங்குகிறார் என்று நினைத்தேன். செல்லப்பாண்டி, "மச்சான்" என்றான். பதில் வரவில்லை. எட்டிப் பார்த்தோம். கரிமேல் ஒருக்களித்துப் படுத்திருந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஷெட் ஓரத்தில் கண்ணயர்வாரே, அப்படியே இருந்தது. கத்தவில்லை, இருமவில்லை, மேலே பார்த்துக் கையாட்டக்கூட இல்லை.

செல்லப்பாண்டி ஒரு காலை உள்ளே விட்டுவிட்டான். நான் அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தேன். இரண்டு பேரும் மேடையில் விழுந்தோம். அவன் எழுவதற்குள் நான் எழுந்து, தொட்டி வாய்க்குக் குறுக்கே உட்கார்ந்து, இரண்டு கையாலும் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"தள்ளுங்க! எம் மச்சான் கெடக்காருங்க!"

"போகாதீங்க பாண்டி."

"கண்ணு முன்னால ஆளக் கொல்றீகளே! தள்ளுங்கங்கறேன்ல!"

தோளைப் பிடித்து உலுக்கினான். அந்த விரல் தடம் ரொம்ப நாள் இருந்தது. கீழேயிருந்து பார்த்தவர்களுக்கு எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்றுதான் தோன்றியிருக்கும். உள்ளே ஓர் ஆள் கிடக்கிறார், இந்தப் பெண் வழியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

அந்த நேரத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று எழுதினால் அது பொய். ஒன்றுமே விளங்கவில்லை. வாடை இல்லை, காகிதம் கறுக்கவில்லை, ஆள் விழுந்துவிட்டார். ஆனால் அவரை எது சாய்த்ததோ அது இன்னும் உள்ளேதான் இருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது. இவன் இறங்கினால் இவனும் அவர் பக்கத்தில் படுப்பான். இவனை எடுக்க இன்னொருவர் இறங்குவார். காரணம் தெரிந்திருந்தால் ஒருவேளை யோசித்து இறங்க விட்டிருப்பேன். தெரியாததால்தான் மறித்தேன். தயவுசெய்து இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். விழுந்தவருக்கு என்ன ஆனது என்று தெரியாதவரை அவர் பின்னால் யாரும் போகக் கூடாது. அவர் உங்கள் அண்ணனாக இருந்தாலும் சரிதான்.

மறித்தால் மட்டும் போதாதே. என் கண்ணுக்குச் சல்லடையைத் துடைக்கக் காற்று அடிக்கிற கம்ப்ரெசர் குழாய் தெரிந்தது. கீழே நின்றவரிடம் கம்ப்ரெசரை ஓட்டச் சொல்லிக் கத்தினேன். செல்லப்பாண்டியிடம், "அந்தக் குழாயை மூங்கில்ல கட்டுங்க. மச்சான் மூஞ்சிகிட்ட கொண்டுபோய்ப் பிடிங்க. உங்க கைதான் நீளம்" என்றேன். அவன் ஒரு கணம் என்னை வெறித்துப் பார்த்தான். பிறகு தலைத்துண்டைக் கிழித்து மூங்கிலில் குழாயைக் கட்டினான். கைக்கு வேலை வந்ததும் கத்துவதை நிறுத்திவிட்டான். நான் கொஞ்சம் ஒதுங்கி அவன் கைக்கு வழிவிட்டேன். காற்று சீறிக்கொண்டு போனது. மாயாண்டி அண்ணனின் சட்டை படபடத்தது. முகத்துக்கு நேரே பிடிங்க, அசைக்காதீங்க என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

எப்போது ஆளை இறக்கலாம்? என் மூக்கையும் என் காகிதத்தையும் நான் இனி நம்புவதற்கில்லை. எனக்கு வேறு வழி தெரியவில்லை. "அரிக்கேன் எங்க இருக்கு?" என்று கேட்டேன்.

செல்லப்பாண்டி திரும்பி என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

வாட்ச்மேன் அறையிலிருந்து விளக்கு வந்தது. என் பலகையில் நான் எழுதியதை நானே மீறிக் கொளுத்தினேன். நனைந்த கரி அவ்வளவு சீக்கிரம் தீப்பிடிக்காது என்பது எனக்குக் காலையிலும் தெரிந்திருந்ததுதான். கயிற்றில் கட்டி இறக்கினோம். பாதித் தூரம் போனதும் சுடர் சுருங்கி அணைந்துவிட்டது. மேலே இழுத்து மறுபடி ஏற்றினோம். குழாய் சீறிக்கொண்டே இருந்தது. இரண்டாம் தரம் இறக்கியபோது சுருங்கியது, தத்தளித்தது, ஆனால் நின்றது. அவர் தலைக்குப் பக்கத்தில் கரிமேல் உட்கார்ந்து எரிந்தது. எவ்வளவு நேரம் ஆனது என்று கேட்காதீர்கள். இரண்டு மூன்று நிமிஷம்தான் இருக்கும் என்று பிறகு எல்லாரும் சொன்னார்கள். எனக்கு அது ஒரு முழுப் பகல்.

"இப்பப் போங்க. இடுப்புல கயிறு கட்டிக்கிட்டுப் போங்க."

செல்லப்பாண்டி இறங்கி மச்சானின் அக்குளுக்கடியில் இன்னொரு கயிற்றைப் போட்டான். நாலு பேர் சேர்ந்து மேலே இழுத்தோம். மேடையில் கிடத்தியபோது உதடு நீலமாக இருந்தது. மூச்சு இருந்தது. மெல்லிய மூச்சு, ஆனால் இருந்தது. கன்னத்தைத் தட்டி, காற்று விட்டு, பேர் சொல்லிக் கூப்பிட்டு, கடைசியில் அவர் இருமிக் கறுப்பாகத் துப்பினார். கண்ணைத் திறந்து மைத்துனனைப் பார்த்தார்.

"மம்பட்டி உள்ள கெடக்கு மாப்ள" என்றார்.

அதுவரை அழாத செல்லப்பாண்டி தலையில் அடித்துக்கொண்டு ஓவென்று அழுதான். நான் மேடையை விட்டு இறங்கி, ஆலை வண்டியைக் கொண்டுவரச் சொல்ல ஓடினேன்.

ஆலை வண்டியில் அவரை மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் மறுநாள் சாயங்காலம் போனேன். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் பாய் போட்டு அவர் மனைவி பேச்சியம்மா உட்கார்ந்திருந்தார். அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தார். நான் வாங்கிப்போன ஆரஞ்சுப் பையைக் கீழே வைக்காமலே சொல்லிவிட்டேன். வைத்துவிட்டால் சொல்லமாட்டேனோ என்று பயம்.

"நான்தாங்க எறங்கச் சொன்னது. உங்க தம்பி விளக்க எறக்கிப் பாப்போம்னு சொன்னாரு. நான்தான் சிரிச்சுக்கிட்டே வேண்டாம்னுட்டேன்."

பேச்சியம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி சொன்னான்" என்றார். அண்ணன்மேல் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டே, "அவன் எறங்கப் போனப்ப நீங்க வழிய மறிச்சு ஒக்காந்துக்கிட்டீகளாமில்ல?"

"ஆமா."

"எங்க ஆத்தாளுக்கு அவன் ஒத்தப் பயதேன்" என்றார். பிறகு பாயில் நகர்ந்து இடம் விட்டார். "ஒக்காருங்க."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இருவரும் அந்தப் பாயில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்தோம். அந்த அரைமணி நேரத்தை நினைத்தால் இன்றும் எனக்குக் கண் கலங்கும்.

அண்ணன் விழித்ததும் நான் கேட்டேன், "உள்ள மூச்சு முட்டுச்சாண்ணே?"

"அதுதேன் எனக்கும் வெளங்கல டீச்சரம்மா. தண்ணிக்குள்ள முங்குனா நெஞ்சு அடைக்குமில்ல? அப்படி ஒண்ணும் இல்ல. சொகமாத்தேன் இருந்துச்சு. மம்பட்டி மட்டும் திடீர்னு கனத்துப் போச்சு. அம்புட்டுதேன் தெரியும்."

அந்தப் பதில் என்னை விடவில்லை. மறுநாள் லேப்பில் ஒரு பெரிய கண்ணாடி ஜாடியில் பாதிக்கு ஈரக் கரியைப் போட்டு, இறுக்கி மூடி, நாலு நாள் வைத்தேன். வெறும் ஜாடி ஒன்றையும் மூடிப் பக்கத்தில் வைத்தேன். ஐந்தாம் நாள் ஆட்களையெல்லாம் கூப்பிட்டேன். எரிகிற குச்சியை வெறும் ஜாடிக்குள் விட்டேன். எரிந்தது. கரி ஜாடிக்குள் விட்டேன். வாயைத் தாண்டியதும் பொட்டென்று அணைந்தது.

செல்லப்பாண்டிதான் கேட்டான், "அப்ப இது நல்ல காத்து கெட்ட காத்துண்டு பாக்காதா டீச்சரம்மா?"

"பாக்காது பாண்டி. நாம மூச்சு விடுற காத்தையும் சேர்த்துத்தான் குடிச்சிருக்கு. ஈரமா இருந்தா இன்னும் குடிக்கும். நான்தான் அதுக்குக் குணம் இருக்குன்னு நெனச்சுட்டேன்."

உயிர்க்காற்றான ஆக்சிஜன் மெல்ல மெல்லக் கரிக்குள் போய்விட, மிச்சம் இருப்பது வாடை இல்லாத, நிறம் இல்லாத, மூச்சு முட்டாத வெறும் காற்று. உடம்புக்கு அது தெரியாது. நாம் வெளியே விடும் வேண்டாத காற்று உள்ளே சேர்ந்தால் நெஞ்சு அடைக்கும். வேண்டிய காற்று குறைந்தால் நெஞ்சு ஒன்றும் சொல்லாது. மண்வெட்டி கனக்கும், அவ்வளவுதான். சும்மா சும்மா கத்துது என்று சொன்ன தம்பிக்குத்தான் இதைச் சொல்கிறேன். உங்கள் உடம்பு கத்தாத விஷயத்துக்கு அந்த மீட்டர் கத்துகிறது.

நடந்ததை எழுதித் தர வேண்டியிருந்தது. மேனேஜர் தயாராக ஒரு தாள் வைத்திருந்தார். "தொழிலாளி அனுமதி பெறாமல் இறங்கினார்" என்று ஒரு வரி. கெட்ட மனிதர் இல்லை அவர். சின்னப் பெண்ணுக்கு வேலை போய்விடக் கூடாது என்று எனக்காகவே அதை எழுதியிருந்தார். நான் அதை அடித்துவிட்டு, "நான் இறங்கச் சொன்னேன். விளக்கை இறக்கிப் பார்க்கலாம் என்றதை மறுத்தேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒரு மாதம் பயந்துகொண்டே பஸ் ஏறினேன். வேலை போகவில்லை. போயிருந்தாலும் அந்த வரியை மாற்றியிருக்க மாட்டேன்.

இதெல்லாம் முடிந்தும் தொட்டியில் அந்தப் பாளம் அப்படியே கிடந்தது. மூடியைத் திறந்து போட்டுக் காற்று அடித்துக்கொண்டிருந்தார்கள். யாரையும் இறங்கச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. மாயாண்டி அண்ணன் வேலைக்குத் திரும்பிய அன்று, நான் இறங்குகிறேன் என்று மேனேஜரிடம் போய் நின்றேன். அவர் அதெல்லாம் முடியாது என்றார். நான் நகரவில்லை. இன்னொருவரைப் பார்த்து எறங்குங்கண்ணே என்று சொல்ல எனக்கு இனி நாக்கு வராது, அதனால் நான்தான் இறங்க வேண்டும் என்றேன். அறை வாசலில் மாயாண்டி அண்ணன் வந்து நின்றார். ஆள் பாதியாக இளைத்திருந்தார்.

"அவுக எறங்கட்டும் சார். கயித்த நான் பிடிக்கறேன்."

சேலைக்கு மேலே செல்லப்பாண்டியின் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டேன். குழாயை உள்ளே விட்டோம். விளக்கை இறக்கினோம். நின்று எரிந்தது. அண்ணன் என் இடுப்பில் கயிற்றைக் கட்டி, மூன்று தரம் இழுத்துப் பார்த்தார். "டீச்சரம்மா, உள்ள போனதும் பேசிக்கிட்டே இருக்கணும். பேச்சு நின்டுச்சுண்டா இழுத்துப்புருவேன்" என்றார்.

"என்ன பேசறது?"

"என்னத்தையாச்சும் பேசுங்க. வாய்க்கா பஞ்சம் ஒங்களுக்கு?"

இறங்கினேன். மேலேயிருந்து அவரே கேள்வி கேட்டார். காலையில என்ன சாப்பிட்டீக? இட்லி. எத்தன? மூணு. தொட்டுக்க? தேங்காய்ச் சட்னி. வீட்டுல சிரட்டைய என்ன பண்ணுனீக? தூக்கிப் போட்டாச்சு. அடப்பாவமே, கம்பெனிக்குக் கொண்டாந்திருக்கலாமில்ல. மேடையில் எல்லாரும் சிரித்தார்கள். நான் பதில் சொல்லிக்கொண்டே வெட்டினேன். ஒரு தரம் மண்வெட்டி பாளத்தில் மாட்டிக்கொண்டது. பல்லைக் கடித்து இழுத்ததில் பதில் சொல்ல மறந்துவிட்டேன். அவ்வளவுதான், கயிறு சுண்டி இழுக்க என் கால் கரியை விட்டு எழும்பிவிட்டது.

"என்னண்ணே!"

"பேச்சு நின்டுச்சு."

மறுபடி ஊன்றி நின்றேன். மேலே வட்டமான வெளிச்சத்தில் அவர் தலை மட்டும் தெரிந்தது. கயிற்றை இரண்டு கையிலும் சுற்றிப் பிடித்திருந்தார்.

"காத்து எப்படி இருக்கு டீச்சரம்மா?" என்று கேட்டார்.

நல்லா இருக்கு என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்கினேன்.

"தெரியலண்ணே" என்றேன்.

"ஒங்களுக்குத் தெரியாது. அதுக்குத்தேன் நான் மேல நிக்கிறேன்" என்றார் மாயாண்டி அண்ணன். "நீங்க பேசிக்கிட்டே வெட்டுங்க."